மூன்று நாள் பயிலரங்கில் கைக்கு வருவது என்ன?

தொழில்முனைவும் தலைமைப் பண்பும் மூன்றே நாளில் கற்பிக்கப்படும் என்று அச்சிட்ட துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டி, பணம் கட்டிச் சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துத் தமிழர்கள். மாட்டுங்காவில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருப்பதாலும், இத்தகைய பயிலரங்குகளில் விலை, வரி, வரவு செலவு ஆகிய பகுதிகளை நடத்த என்னை அவ்வப்போது அழைப்பதாலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. சேரலாம் என்றுதான் சொல்லி வருகிறேன்; ஆனால் துண்டறிக்கையில் போட்டிருக்கும் காரணங்களுக்காகச் சொல்வதில்லை.

மூன்று நாளில் யாரும் தொழில் கற்றுவிடுவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் தாராவியில் தோல் பை தைக்கும் குடும்பத்துக்குச் சரக்கைப் பற்றியும் வாடிக்கையாளரைப் பற்றியும் மேடையில் பேசுபவர் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாண்டு விற்பனை மதிப்பீடு போடச் சொல்லும் வகுப்பில் எல்லாரும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் எண்களை எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறார்கள். சான்றிதழைக் காட்டினால் கடன் எளிதாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. வங்கி மேலாளரோ கணக்குப் புத்தகத்தையும், ஜிஎஸ்டி தாக்கலையும், முந்தைய கடனின் தவணை ஒழுங்கையும்தான் பார்ப்பார். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உருப்படியாகச் சில விஷயங்கள் மிஞ்சுகின்றன.

முதலாவது, தன் கணக்கைப் பிறர் முன்னிலையில் போட்டுப் பார்க்க நேர்வது. வீட்டில் முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குக் கொடுக்கும் ஓர் அக்கா, கிலோவுக்கு 25 ரூபாய் லாபம் நிற்கிறது என்று உறுதியாகச் சொன்னார். மாவு, எண்ணெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 110 ரூபாய், எரிவாயு 15, பொட்டலம் 10, ஆக 135 ரூபாய். கடைக்காரர் கொடுப்பது 160. கரும்பலகையில் எழுதிய கணக்கில் தவறு ஏதும் இல்லை. பக்கத்தில் இருந்த தையற்கடைக்காரர்தான், "பத்து கிலோ போட எத்தனை பேருக்கு எவ்வளவு நேரமாகும், அக்கா?" என்று கேட்டார். அவரும் நாத்தனாரும் சேர்ந்து ஐந்து மணி நேரம். வெளியாளை வைத்தால் மணிக்கு என்ன கொடுப்பீர்கள் என்றதற்கு, ஐம்பதாவது கொடுக்க வேண்டும் என்றார். அப்படியானால் பத்து கிலோவுக்குக் கூலி 500, கிலோவுக்கு 50. அடக்கவிலை 185 ஆகிவிட்டது. 25 ரூபாய் லாபம் இருந்த இடத்தில் 25 ரூபாய் நஷ்டம் வந்து நின்றது. அந்த அக்கா சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "அப்போ நாத்தனாருக்கு நான் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டார்.

சொந்த உழைப்புக்குக் கூலி போட வேண்டும் என்பது எந்தக் கணக்குப் பாடத்திலும் இருக்கும் செய்திதான், நானும் அதை அலுவலகத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தம்மைப் போலவே கஷ்டப்படும் ஒருவர் நாலு பேர் முன்னிலையில் கேட்கும்போது அதே செய்தி உறைக்கிறது. கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு இது அவ்வளவு மகிழ்ச்சியான கண்டுபிடிப்பு அல்ல.

பயிலரங்கில் வைக்கும் விளையாட்டுகளை நேரத்தைப் போக்கும் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நட்டு வைத்த கம்பில் விழும்படி வளையம் எறியும் விளையாட்டுக்கு நல்ல பூர்வீகம் இருக்கிறது. ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லேலண்ட், சாதிக்கும் உந்துதல் உள்ளவர்கள் கம்பிலிருந்து மிக அருகிலும் நிற்காமல், மிகத் தொலைவிலும் நிற்காமல், முயன்றால் விழக்கூடிய நடுத்தொலைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டவர். அந்த உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று அவர் சோதித்துப் பார்த்தது நம் நாட்டில்தான்: 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கு, ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தின் மூலம் சுமார் பத்து நாள் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெறாத வணிகர்களைவிட அவர்கள் பின்னாளில் புதிய முயற்சிகளில் அதிகமாக இறங்கினார்கள், கூடுதல் முதலீடு செய்தார்கள் என்பது அவருடைய முடிவு. இன்று நம் பயிலரங்குகளில் எறியப்படும் வளையம் அந்த வழியில் வந்ததுதான். தொழிலில் கடனுக்கு மேல் கடன் வாங்கி அகலக்கால் வைக்கும் ஒருவர், அறையின் மறுகோடியில் நின்று எறிந்து, ஒன்றும் விழாமல் சிரித்துக்கொண்டே திரும்புவதைப் பார்க்கும்போது, அவருடைய பேரேட்டைப் புரட்ட வேண்டிய தேவையே இருப்பதில்லை.

தலைமைப் பண்பு என்ற பெயரில் நடக்கும் பேச்சுகளில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. மூன்று தையல்காரர்களை வைத்திருப்பவருக்கு உலகத் தலைவர்களின் வாழ்க்கைக் கதையால் என்ன பயன்? கோபுரம் கட்டும் பயிற்சி வேறு வகை. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, பழக்கமில்லாத கையால் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்; அருகில் இருவர் வாயால் மட்டும் வழி சொல்லலாம்; எத்தனை கட்டை அடுக்க முடியும் என்று தொடங்குவதற்கு முன்பே அந்த மூவரும் ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். தொழிலாளிகள் நிலைப்பதில்லை என்று எப்போதும் குறைப்பட்டுக்கொள்ளும் ஒரு பட்டறை முதலாளி, நாலாவது கட்டையிலேயே பொறுக்க முடியாமல் கண் கட்டியவரின் கையைப் பிடித்து இழுத்தார், கட்டைகள் சரிந்தன. பிறகு கண் கட்டிக்கொள்ளும் முறை அவருக்கு வந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் வலது, இடது என்று கத்தவும், "யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்கப்பா" என்று எரிச்சலோடு கேட்டார். அவருடைய பட்டறையில் அவரும் அவருடைய அண்ணனும் ஒரே வேலையாளுக்கு வெவ்வேறு உத்தரவு போடுவது அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, தேநீர் இடைவேளையில் கிடைப்பதை. பை தைத்துக் கொடுக்கும் இருவர், ஒரே வியாபாரி இருவருக்கும் நான்கு மாதமாகப் பணம் தராமல் இழுத்தடிப்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024-25 வருமான வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரிக் கழிவு பெறவும் முடியாது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். இதற்குத் தரகரிடம் இரண்டாயிரம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவையும் வகுப்பில் சொன்னபோது அந்தப் பை தைப்பவர்களில் ஒருவர், "கேட்டால் அடுத்த ஆர்டர் வராது, சார்" என்றார். அது உண்மையான பயம். சட்டம் படித்தால் போய்விடாது. இருவர் சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது, இன்னொருவரும் அதே வரிசையில் நிற்கிறார் என்று தெரிந்த பிறகுதான்.

இது என் தனிப்பட்ட அபிப்பிராயம் மட்டும் அல்ல. சுயதொழில் செய்யும் பெண்களுக்கான கூட்டுறவு வங்கியான அகமதாபாத்தின் சேவா வங்கியில் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு இரண்டே நாள் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. சிலரைத் தனியாகவும், சிலரைத் தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டும் வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள்தான் பிறகு கடன் வாங்கித் தொழிலில் போட்டார்கள், நான்கு மாதம் கழித்து அவர்கள் வீட்டு வருமானமும் கூடியிருந்தது. கட்டுப்பாடு மிகுந்த சமூகப் பெண்களிடம் இந்த வேறுபாடு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், கணக்கு, சந்தை என்று வழக்கமான பாடம் கேட்டவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. தானாக முன்வந்து செய்வது, தடை வந்தால் மாற்றுவழி தேடுவது ஆகியவற்றில் பழக்கப்பட்டவர்களின் லாபம் சராசரியாக 30 சதவீதம் உயர்ந்தது. அங்கே வகுப்பு முடிந்த பிறகும் பயிற்சியாளர் மாதம் ஒருமுறை தொழில் நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தனியாகப் போகாதீர்கள், உங்கள் தொழிலிலோ தெருவிலோ உள்ள ஒருவரை இழுத்துக்கொண்டு போங்கள். பணம் கட்டுவதற்கு முன், பயிலரங்கு முடிந்த அடுத்த மாதம் யாராவது வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நடத்துபவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மூன்றாம் நாள் பிற்பகல் முழுவதும் பொன்னாடை, நன்றியுரை, சான்றிதழோடு குழுப்படம் என்று போய்விடுகிறது. அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு தொலைபேசி அழைப்பை ஒவ்வொருவரும் அந்த அறையிலிருந்தே செய்யும்படி வைக்கலாம். முறுக்கு அக்கா கடைக்காரரிடம் 190 ரூபாய் கேட்டது அப்படித்தான். அவர் 180க்கு மேல் வரமாட்டேன் என்றார். அக்கா மறுத்துவிட்டு, வேறு கடை பார்த்துக்கொண்டிருக்கிறார்.