ஆறு வாரம் கணக்கு போடப் போன கதை

முதல் தடவை எனக்குக் கணித முகாமில் இடம் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிடைத்த வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கோ கிடைக்காத வருஷத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது.

பள்ளி மாணவர்களுக்கென்று கோடை விடுமுறையில் கணித முகாம்கள் நடக்கின்றன என்பதே எனக்குப் பத்தாவது படிக்கும்போதுதான் தெரியும். அவற்றில் பழையது ராஸ் முகாம். ஆர்னால்ட் ராஸ் என்ற பேராசிரியர் 1957-இல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்து, 1964-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே படித்து வந்தவர்கள் 1989-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ப்ராமிஸ் முகாமைத் தொடங்கினார்கள். 1993-இல் மேத்கேம்ப் என்ற இன்னொரு முகாம் வந்தது. வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், வசதி குறைந்தவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. இவற்றுக்கு மார்க் ஷீட் மட்டும் போதாது. சில கணக்குகள் தருவார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து, நிரூபணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். நான் போனதும் இந்த வகை முகாம்தான். பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன்.

தேடும்போது இன்னொரு ரகமும் கண்ணில் படும். பெரிய பல்கலைக்கழகத்தின் கட்டடப் படம் போட்டிருக்கும். பொடி எழுத்தைப் படித்தால், அந்த வளாகத்தில் அறைகளை வாடகைக்கு எடுத்து வேறு யாரோ நடத்துவது தெரியும். நான் ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன்: சேர்த்துக்கொள்ள நம்மிடம் என்ன கேட்கிறார்கள்? பணம் மட்டும் கேட்டால் அது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பே இல்லை, தெரிந்து போனால் சரி.

விண்ணப்பக் கணக்குகளை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அதே ரகத்தில் வேறொன்று சொல்கிறேன். 15-ஐ, 1, 2, 3 என்று போகும் இயல் எண்களில் அடுத்தடுத்த இரண்டோ அதற்கு மேலோ எடுத்து, அவற்றின் கூட்டலாக எழுதலாம்: 7+8, அல்லது 4+5+6, அல்லது 1+2+3+4+5. 16-ஐ எப்படிப் புரட்டினாலும் வராது. எந்தெந்த எண்கள் இப்படி வராது?

முதல் வருஷம் இது மாதிரிக் கேள்விக்கு நான் என்ன செய்தேன் என்றால், நூறு வரை போட்டுப் பார்த்தேன். 1, 2, 4, 8, 16, 32, 64 மட்டும் மாட்டிக்கொண்டன. "ஆகவே இரண்டின் அடுக்குகள் வராது" என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டேன். விடை சரிதானே! ஏப்ரலில் "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தபோது, மதிப்பிட்டவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

அக்காதான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"128 வருமா?"

"வராது."

"போட்டுப் பார்த்தியா?"

"இல்ல."

"அப்ப எப்படிடீ தெரியும்?"

பதில் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. அந்தக் கூட்டுத்தொகையை இரட்டிப்பாக்கினால், அது எத்தனை எண்களோ அந்த எண்ணிக்கையை, முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்த தொகையால் பெருக்கியதற்குச் சமம். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் முதல், கடைசி இரண்டில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. கூட்டினால் ஒற்றைப்படை வரும். எண்ணிக்கையே ஒற்றைப்படை என்றால் பிரச்சினையே இல்லை. எப்படிப் போனாலும் உள்ளே ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டின் அடுக்குகளில் அப்படி ஒன்று கிடையாது. முடிந்தது. மற்ற எண்கள் எல்லாமே வரும் என்று காட்டுவது தனி வேலை, அதற்கு இன்னும் ஒன்பது நாள் பிடித்தது.

அடுத்த வருஷம் இந்தப் புத்தியோடு உட்கார்ந்தேன். ஒரு கணக்கு கடைசிவரை மசியவே இல்லை. அதை விட்டுவிடாமல், எந்த வழியில் போனேன், எந்த வரியில் முட்டிக்கொண்டேன், சின்ன எண்களுக்கு என்ன வந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்தேன். எனக்கு இடம் வாங்கித் தந்தது அந்த ஒன்றரைப் பக்கம்தான் என்பது என் சந்தேகம்.

கட்டுரையும் உண்டு. "சிறுவயது முதலே கணிதம் என் மூச்சு" என்று ஆரம்பித்திருந்தேன். அக்கா, "மேடையில யாரோ மாலை போட்டுக்கப் போற மாதிரி இருக்கு" என்று அடித்துவிட்டாள். கடைசியில் நிராகரிக்கப்பட்ட தாளைப் பற்றியே எழுதினேன்.

உயிரை வாங்கியது பரிந்துரைக் கடிதம். ஆசிரியருக்கு முகாமிலிருந்து நேராக ஒரு இணைப்பு போகும், அதில்தான் அவர் கடிதத்தை ஏற்ற வேண்டும். அது அவருடைய ஸ்பாம் பெட்டிக்குள் போய்விட்டது. அவருக்கு வரவில்லை, எனக்கோ கேட்கக் கூச்சம். போதாக்குறைக்கு, கெடு அவர்கள் ஊர் நேரப்படி நள்ளிரவு. எனக்கு எந்த நாள் எந்த மணி என்று கணக்குப் போட்டதில், கணித முகாமுக்கு விண்ணப்பிக்கிற நான் ஒரு நாள் தப்பாகப் போட்டிருந்தேன்! கடைசி நாள் மாலை ஆசிரியருக்குப் போன் போட்டுக் கெஞ்சி, அவர் ஸ்பாமில் தேடி எடுத்து அனுப்பினார். விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி, "இணைப்பு வந்ததா சார்?" என்று ஒரு வாரத்தில் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு மருத்துவப் படிவம், பெற்றோர் ஒப்புதல், பயண ஏற்பாடு. அலுப்பான வேலைகள், அம்மா பார்த்துக்கொண்டார்.

முகாமில் முதல் நாள் கொடுத்த தாளில் இருந்த கேள்வி: (−1) × (−1) = 1 என்று நிரூபி. ஏழாம் வகுப்பிலேயே தெரிந்ததுதானே என்று சிரித்தேன். (−1) × 0 = 0 என்று தொடங்கி, பூஜ்யத்தை 1 + (−1) என்று பிரித்து, விரித்து எழுதி, ஐந்து நிமிஷத்தில் கொடுத்தேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. கவுன்சிலர்கள் என்பவர்கள் கல்லூரி மாணவர்கள், நம்மோடு ஹாஸ்டலிலேயே தங்கித் தாள் திருத்துவார்கள். என் முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை: "ஏன்?"

எதைப் பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே! ஆனால் கையில் கொடுத்திருந்த அடிப்படை விதிகளில் அது இல்லை. 0 = 0 + 0 என்று எழுதி விரித்தால் வந்துவிடும் என்று பிடிபட்டபோது மணி பன்னிரண்டரை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளை எழுப்பிச் சொன்னேன். அவள் திட்டவில்லை, "எனக்கும் அதே வரியில்தான் சிவப்பு" என்றாள்.

குறை என்று சொன்னேனே, அது இதுதான். ஒலிம்பியாட் என்ற கணிதப் போட்டிக்கான பயிற்சியோடு வந்தவர்கள் முதல் வாரமே பத்து தாள் முன்னால் ஓடிவிட்டார்கள். தாள்கள் தினமும் வந்து குவிய, என்னுடையது மலையாகிவிட்டது. எல்லாவற்றையும் முடிப்பவர்கள் சொற்பம், முடிக்க வேண்டியதும் இல்லை என்று யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்றாவது வாரம் துணி துவைக்கும் இடத்தில் ஒரு கவுன்சிலர் போகிற போக்கில் சொன்னார். அதுவரை பத்து நாள் ராத்திரி அழுதிருக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்து வந்த கையோடு பள்ளியில் கணக்குத் தேர்வு. ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிக்கொண்டிருந்ததில் கடைசி இரண்டு கேள்விக்கு நேரமில்லை.