பிரிஜித் நாளின் கோரைச் சிலுவை

அயர்லாந்தில் பிப்ரவரி 1 அன்று வரும் இம்போல்க், வசந்தத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் பழைய கெல்டிய (அயர்லாந்து முதலிய பகுதிகளின் பண்டை மக்களுடைய) விழாவாகும். பின்னாளில் அதுவே கிறித்தவத் துறவியான புனித பிரிஜித்தின் திருநாளாகவும் ஆனது. பேகன் மரபுகளை, அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டு மரபுகளை, அறிய விரும்புவோர் மந்திரக்கோலையும் விலையுயர்ந்த படிகக்கற்களையும் தேடி அலைவதைவிட, இவ்விழாவிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் எண்ணம். முந்தைய நாள் மாலையில் கோரையை மடித்துப் பின்னி நான்கு கைகள் கொண்ட சிலுவை செய்து, தீயிலிருந்து வீட்டைக் காக்கும் என்ற நம்பிக்கையில் கதவின் மேலோ கூரையின் உட்புறத்திலோ செருகி வைப்பார்கள். அன்றிரவு வெளியே போட்டுவைக்கும் துணித்துண்டை, பிரிஜித் அவ்வழியே செல்கையில் தொட்டு ஆசீர்வதிப்பதாக நம்பி, பிறகு தலைவலி வரும்போதெல்லாம் அதையே தலையில் கட்டிக்கொள்வார்கள் (நம் வீட்டுத் தைலப் புட்டியைவிடச் செலவு குறைவுதான்). 2023 முதல் பிரிஜித்தின் பெயரால் அங்கே அரசு விடுமுறையும் விடப்படுகிறது.