எந்த வழியாகக் காற்று?

பெருங்குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருப்பவருக்குத் தமிழும் தெரிந்திருந்தால், பணிப் பட்டியலில் இல்லாத இன்னொரு வேலையும் வந்து சேரும். ஆங்கிலம் சரளமாக வராத தமிழ் மூதாட்டி யாராவது மருத்துவர் முன் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டால் மொழிபெயர்க்க என்னை அழைப்பார்கள். அப்படிப் போன ஒரு நாளில் நான் செய்த பிழை இன்னும் உறுத்துகிறது.

அந்த அம்மாவுக்கு 68 வயது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். "காத்து அடிக்கடி போகுது மிஸ்ஸி, வெள்ளையும் படுது, நாத்தம் தாங்கல" என்றார். நான் அதை வயிற்று உப்புசம் என்றும் வெள்ளைப்படுதல் என்றும் இரண்டாகப் பிரித்து ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டுக்கும் தனித்தனியே மருந்து எழுதப்பட்டது. மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தவர், மகளைக் காப்பி வாங்கி வர அனுப்பிவிட்டு, என் காதருகே குனிந்து, "பின்னால இல்லம்மா, முன்னால போகுது" என்றார்.

பெருங்குடலுக்கும் யோனிக்கும் இடையே இருக்கக்கூடாத ஒரு வழி திறந்துகொள்வதுதான் இந்த ஃபிஸ்டுலா. ஆசனவாயருகே வரும் பவுத்திரம் நம்மவர்களுக்குப் பழக்கமான சொல். இதற்கு அப்படி வீட்டில் புழங்கும் சொல் எதுவும் இல்லாததால், நோயாளி அதைக் காற்று, வெள்ளை, நாற்றம் என்று துண்டு துண்டாகத்தான் சொல்கிறார். யோனி வழியாகக் காற்றோ மலமோ வெளியேறுகிறது என்பதே நோயின் பாதி அடையாளம். அதைக் கேட்காமல் விட்டால், திரும்பத் திரும்ப வரும் யோனித் தொற்றாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ அது மாதக்கணக்கில் மருந்து வாங்கிக்கொண்டிருக்கும்.

அவருக்கு நாற்பதுகளில் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. இதை நாங்கள் முதல் நாளே பொருட்படுத்தியிருக்க வேண்டும். பெருங்குடலின் சுவரில் வயதாக ஆகச் சிறு பைகள் பிதுங்குவதுண்டு. அவற்றில் ஒன்று அழற்சியுற்றுச் சீழ் கட்டினால், அது அருகிலிருக்கும் உறுப்பை அரித்து வழி தேடும். குடலுக்கும் யோனிக்கும் நடுவே கருப்பை இருக்கும்வரை அது ஒரு தடுப்புச் சுவர் போல நிற்கிறது. கருப்பை இல்லாத பெண்ணுக்குச் சிக்மாய்டு எனப்படும் இடப்பக்கக் குடல், யோனியின் மேல்முனையில் உள்ள பழைய தையல் மீதே சாய்ந்துகிடக்கும். ஆசியர்களுக்கு இந்தப் பைகள் பெரும்பாலும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் வருகின்றன என்பதாலோ என்னவோ, இங்கே இந்த எண்ணம் யாருக்கும் சட்டென்று வருவதில்லை.

மலக்குடலிலிருந்து கீழ்மட்டத்தில் திறக்கும் வழியின் கதை வேறு. பிரசவத்தில் ஆசனவாய்த் தசைவரை கிழிவது, குடலில் தீராத அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு, மலக்குடல் அறுவை ஆகியவை அதற்குக் காரணமாகலாம்; கதிர்வீச்சின் விளைவு சில வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். பிரசவத்துக்குப் பின் வரும் சிறிய துளை தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. மற்றவற்றில், சீழை வடித்து, புண் ஆறுவதற்குச் சில மாதங்கள் காத்திருந்து, பிறகுதான் மலக்குடலின் உட்தோலை மடித்திழுத்து மூடுவதோ, தொடைத் தசையை நடுவில் வைத்துத் தைப்பதோ நடக்கும். "உடனே தைத்துவிடக் கூடாதா?" என்று கேட்காத கணவரை நான் பார்த்ததில்லை. வீங்கிய சதையில் போட்ட தையல் பிய்ந்துவிடும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் அந்த மாதங்களைக் கடப்பது பெண்ணின் பாடுதான்.

இந்த அம்மாவுக்கு நீலச் சாயச் சோதனை செய்தோம். யோனிக்குள் டாம்பான் என்னும், மாதவிடாய்க்கு உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருளை வைத்து, ஆசனவாய் வழியே மெத்திலீன் நீலம் கலந்த நீரைச் செலுத்தி, சிறிது நேரம் காத்திருந்து எடுத்துப் பார்ப்பது. வாழ்நாளில் டாம்பான் பார்த்திராத அவருக்கு அதை விளக்கவே பத்து நிமிடம் பிடித்தது. வெளியே எடுத்தபோது உள்முனை மட்டும் கருநீலமாக இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தவர், "அப்ப நான் பொய் சொல்லல" என்றார். யாரும் அவரைப் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரம் முன்பு என் மொழிபெயர்ப்பு ஏறத்தாழ அதைத்தான் செய்திருந்தது. சிடி ஸ்கேனில் தடித்த சிக்மாய்டு குடல் யோனியோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய, குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் நடந்தது.

அறுவைக்கு முதல் நாள், தேவைப்பட்டால் ஸ்டோமா, அதாவது குடலை வெளியே திறந்து மலத்தைப் பையில் சேர்க்கும் வழி, வைப்பதற்கான இடத்தை வயிற்றில் குறித்துவைப்பது என் வேலை. படுக்க வைத்து மட்டும் குறித்தால் எழுந்து உட்காரும்போது அந்த இடம் மடிப்புக்குள் போய்விடும். உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வழிகாட்டிக் குறிப்புகளில் இடைவார் படும் கோட்டைத் தவிர்க்கச் சொல்லியிருக்கும். இவரோ தினமும் சேலை கட்டுபவர். வீட்டிலிருந்து பாவாடை கொண்டுவரச் சொல்லி, நாடாவை வழக்கம்போல இறுக்கிக் கட்டச் சொன்னேன். நாற்பது வருட முடிச்சு இடுப்பில் கருத்த தழும்பாகவே பதிந்திருந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே, தசையின் மேல், அழியாத மையில் வட்டம் போட்டேன்.

மறுநாள் நோயுற்ற குடல் பகுதியை வெட்டியெடுத்து, நல்ல முனைகளை இணைத்து, வயிற்றுக்குள் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பை யோனிக்கும் குடலுக்கும் நடுவே இழுத்து வைத்தார்கள். யோனிப் பக்கத்துத் துளை மிகச் சிறியது என்பதால் அது தானே மூடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டோமா தேவைப்படவில்லை. நான்காம் நாள் கஞ்சி குடித்தபடி, வயிற்றில் இன்னும் மங்காத அந்த வட்டத்தைக் காட்டி, "இவ்வளவு பாடுபட்டு நாடா கட்டிப் பார்த்தியே மிஸ்ஸி, வீணாப் போச்சே" என்று சிரித்தார். தையல் இழுத்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பின்னால் காற்று பிரிந்ததா என்று கேட்டேன். "விடியக்காலையிலயே" என்றார்.