வினைமுற்றுகள்

ஜூலை 1, செவ்வாய்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மூன்றுக்கும் அடிக்கோடு, நடுவில் இரண்டு குறள். மழைநீர் சேகரிப்பு பற்றிச் சின்னவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு சொட்டு மழை இல்லை. பள்ளியை விட்டு நின்று ஏழு மாதம் ஆகியும் கை அந்த நோட்ஸையே எழுதுகிறது. குறை சொல்ல எனக்கு வாய் ஏது? நானும் அதே நோட்ஸில் கரையேறியவள்தான்.

இனி தலைப்பு தரமாட்டேன். கண்ணால் பார்த்ததைப் பத்து வரி எழுது என்றேன். "நான் எதைப் பார்த்தேன்?" என்கிறாள்.

ஜூலை 2

அத்தை, என் மாமியார், இரவில் மூன்று முறை எழுந்துவிட்டார். பாடம் இல்லை.

ஜூலை 5, சனி

நாத்தனார் போனில். "பத்தாவது படிக்கிற பெண்ணை வீட்டில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அண்ணி!" தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிந்திருக்கிறோம், அக்டோபரில் தேர்வு, ஐந்து பாடம், மதிப்பெண்ணில் 20 சதவீதம் வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஒப்படைப்புக்கு, தேர்ச்சிக்கு 33 என்று விவரமாகச் சொன்னேன். "33 தானா?" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டார். விவரமாகச் சொல்வது என் வியாதி.

ஜூலை 9, புதன்

புறநானூறு, 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தூது போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் அரசன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் குத்துவது. சின்னவளுக்கு இது உடனே பிடித்துவிட்டது. பஸ்ஸில் போனால் அதியமான்கோட்டை. இத்தனை நாளாக அங்கே ஒரு கோயில் இருக்கிறது என்ற அளவில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆத்திசூடி ஔவையும் இவரும் ஒருவர் இல்லை, நடுவில் பல நூறு ஆண்டுகள் என்றதும் ஏமாந்து போனாள்.

ஜூலை 10

அவளாகவே எழுதியது: "அத்தை வீட்டுப் புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் தூசு படாமல், முதுகு வளையாமல், வரிசையாக நிற்கின்றன. எங்கள் வீட்டுப் புத்தகங்களோ அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறையோடு, அடுப்படியில் கிடக்கின்றன."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அந்தத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறார்.

ஜூலை 16, புதன்

பத்து வரி கேட்டேன், இரண்டு பக்கம் தந்தாள். அவள் ஆயா, என் அத்தை, புளி உடைப்பது பற்றி. கல்லின் மேல் பழத்தை வைத்து இரும்புத் துண்டால் ஒரே தட்டு. ஓடு மட்டும் சிதற வேண்டும், சதை நசுங்கக் கூடாது. நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். புளிப்பு ஏறி விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்குமாம். ஓடு மூக்கில் ஏறித் தும்மினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று ஆயா சொல்வாராம். சிரிக்கும்போது பல்லில் தெரியும் பழுப்புக் கோடுகளைக்கூட விடவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்கு வருவதற்கு முன், கிணற்று ஃபுளோரைடு போட்ட கோடுகள் அவை.

ஆனால் உடைத்தார், உரித்தார், ஊதினார், சிரித்தார். பக்கம் முழுக்க இறந்தகாலம். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றையும் வட்டமிட்டேன். உடைக்கிறார், உரிக்கிறார் என்று மேலே எழுதினேன். பதினேழு வட்டங்கள்.

"ஆயா இப்போது உடைப்பதில்லையே அம்மா. நிகழ்காலம் என்றால் பொய்தானே?"

போய் அரிசியைக் களை என்றேன்.

ஜூலை 17

சிவப்பு மை அழியாது.

ஜூலை 22, செவ்வாய்

இனிமேல் அழைத்து வரவேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அது நல்ல செய்திதானே என்று இவர் ஓசூரிலிருந்து கேட்கிறார்.

ஜூலை 25, வெள்ளி

இதை இன்று எடுத்திருக்கக் கூடாது. பாடத்திட்டம் என்று நானே கோடு போட்டு எழுதிய அட்டவணையில் அடுத்து இருந்தது: புறநானூறு 235. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். வரிக்கு வரி "மன்னே". உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "யார் வீட்டில் சாவு?"

பாடம் நடத்துகிறேன் அத்தை என்றேன். ஒரு சொல்லும் புரிந்திருக்காது; ஆனாலும் ஒப்பாரி என்று தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியில் இழுக்க வேண்டும். நீ வெட்டி வெட்டிப் படிக்கிறாய்" என்றார். இழுத்தும் காட்டினார், மூச்சு இருந்த மட்டும். சின்னவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொல்வதை இப்படி எழுதியதே இல்லை.

மன் என்பதற்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது: கழிவு, ஆக்கம், ஒழியிசை. இங்கே கழிவு, அதாவது போய்விட்டது என்று விளக்கினேன். "ஈயும் என்றால் கொடுப்பான். மன் சேர்ந்தால் இனி இல்லை. அப்படித்தானே?" ஆமாம். "அப்படியானால் மன்னைப் போடாமல் விட்டுவிட்டால்?"

இட்லி மாவு பொங்கி வழிகிறது என்று எழுந்து போய்விட்டேன். மாவு அரைக்கவே இல்லை.

ஜூலை 29

ஏன் ஏழு மாதம் வீணாக்கினேன் என்று தோன்றுகிறது. கணக்கில் இன்னும் நான்கு பாடம் தொடவில்லை. கணக்குக்கு யாரைப் பிடிப்பது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் பஸ்களில் நிற்க இடமில்லை. சித்திரான்னம் ஒன்று மட்டும் செய்தேன், எலுமிச்சை. புளிப் பானையைத் திறக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒப்படைப்புக்காகப் புளிக் கட்டுரையைப் புதிதாக எழுதியிருக்கிறாள். உடைப்பார். உரிப்பார். ஊதுவார். சிரிப்பார். எதிர்கால வினைமுற்று வழக்கத்தையும் சொல்லும் என்று ஜனவரியில் நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதினேழையும் எண்ணினேன். சிவப்புப் பேனா கையில் இருந்தது, மூடியைக் கழற்றவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கஞ்சி இரண்டு கரண்டி. இவர் இரவு பஸ்ஸில் வருகிறார்.