ஹமரிக்யூ: கடல் ஏறி இறங்கும் தோட்டம்

டோக்கியோவில் எந்தத் தோட்டத்துக்குக் கிளம்பினாலும் இப்போது என்ன பூத்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஹமரிக்யூவுக்கு அது இரண்டாவது கேள்வி. அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் போகவேண்டிய இடம் அது.

நடுவிலுள்ள ஷியோஇரி குளத்தில் இருப்பது உப்புத் தண்ணீர். டோக்கியோ விரிகுடாவின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி மதகைத் திறந்து மூடி, கடல்நீரை உள்ளே விட்டு வெளியேற்றுகிறார்கள். எடோ காலத்தில் (ஷோகன் என்னும் ராணுவ ஆட்சியாளர்கள் ஆண்ட 1603–1868) கடலோரத் தோட்டங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருந்தது. பக்கத்து ஷிபாரிக்யூ தோட்டத்துக்குக் கடல்நீர் வரத்து நின்றுவிட்டது. சுமிதா ஆற்றுநீரை வாங்கிய கியோசுமி தோட்டத்துக் குளம் இன்று மழைநீரை நம்பியிருக்கிறது. நகருக்குள் மிஞ்சியிருக்கும் கடல்நீர்க் குளம் இது ஒன்றுதான். ஆகவே ஜப்பானியத் தோட்டம் என்றதும் நினைவுக்கு வரும் வண்ணக் கெண்டைகளை இங்கே தேடவேண்டாம், உப்புநீரில் அவை பிழைக்காது. மடவை, உளுவை, விலாங்கு என்று கடலோடு வருகிறவைதான் உண்டு. மடவை சில சமயம் தண்ணீருக்கு மேலே துள்ளி விழும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். விரிகுடாவில் வித்தியாசம் 2 மீட்டர் வரை போகும். அந்த நாட்களை அறிய நம் நாள்காட்டியே போதும். வசந்தத்தில் அப்படிப்பட்ட நாட்களில் நண்பகலை ஒட்டி நீர் வற்றிக் கிடக்கும், மாலைக்குள் ஏறிவிடும். கரைக்கற்களில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் நிலவரம் புரியும். குளிர்காலத்தில் பெரிய வற்றம் இரவில் வருவதால் பகலில் வருகிறவர்களுக்கு அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

குளத்தின் நடுவில் நகாஜிமா தேநீர் இல்லம். 118 மீட்டர் நீள ஓட்சுதாய் மரப்பாலம் அங்கே கொண்டுபோய் விடும். தேநீர் இல்லத்தை முதலில் 1704இல் கட்டினார்கள், இப்போதிருப்பது 1983இல் திரும்ப எழுப்பியது. 1879இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கிராண்ட் மெய்ஜி பேரரசரைச் சந்தித்தது இங்கேதான். காலணியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காரவேண்டும். முதலில் இனிப்பைச் சாப்பிட்டு முடித்துவிட்டு மச்சா என்னும் பச்சைத் தேயிலைத்தூள் தேநீரைக் குடியுங்கள். மாற்றிச் செய்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள், ஆனால் கசப்பு வாயிலேயே நிற்கும். கிண்ணத்தை இடக்கை உள்ளங்கையில் வைத்து, வலக்கையால் லேசாகத் திருப்பிக் குடிப்பது முறை.

பலரும் கடந்துபோய்விடும் இடம், என் கணக்கில் தோட்டத்திலேயே சுவாரசியமானது, வாத்து வேட்டைக் களம். இரண்டு உண்டு, ஒன்று 1778இல் அமைந்தது, மற்றது 1791இல். களத்திலுள்ள பெரிய குளத்திலிருந்து ஒடுக்கமான வாய்க்கால்கள் பிரியும். மரப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டதும் பழக்கிய வாத்துகள் தீனிக்காக வாய்க்காலுக்குள் வர, காட்டு வாத்துகள் பின்னாலேயே வந்து மாட்டும். கரைமேட்டின் சிறு துவாரம் வழியாக வேவு பார்த்தபடி வேட்டைக்காரர்கள் வலையோடு காத்திருப்பார்கள். அப்படிச் செத்த வாத்துகளுக்காக 1935இல் எழுப்பிய நினைவுக்கல்லும் அருகிலேயே இருக்கிறது.

வேட்டைக்கு முன்பே இங்கே ஒரு யானையும் இருந்தது. ஷோகன் யோஷிமுனேவுக்காக வியட்நாமிலிருந்து வந்து, 1729இல் எடோவை (இன்றைய டோக்கியோ) அடைந்து, பத்தாண்டுக்கும் மேல் இந்தத் தோட்டத்தில் வளர்ந்த யானை.

இனி வழி. தோட்டத்தைச் சுற்றிலும் தண்ணீர். வாசல் தவிர வேறெங்கும் நுழைய முடியாது. பக்கத்து ஷியோதோமே பகுதியின் வானளாவிகளுக்கு நடுவே வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரியும் பாதை, நடக்கும்போது மேம்பாதையிலும் அகலச் சாலையிலும் முட்டி நிற்கும். ஓஎடோ சுரங்க ரயில் பாதையின் ஷியோதோமே நிலையத்திலிருந்து நகனோகோமோன் வாசல் 5 நிமிட நடை, ஓதெமோன் வாசல் 7 நிமிடம். ஷிம்பாஷி நிலையத்திலிருந்து ஓதெமோனுக்கு 12 நிமிடம் ஆகும். அசகுசாவிலிருந்து சுமிதா ஆற்றில் வரும் படகு தோட்டத்துக்குள்ளேயே இறக்கிவிடும், ஆனால் நுழைவுச்சீட்டு தனி. வானிலை கெட்டால் படகு ஓடாது. சரளைக்கல் பாதை என்பதால் சக்கரப் பெட்டியை நிலைய லாக்கரில் விட்டுவிடுங்கள்.

கட்டணம் 300 யென், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 150. மே 4, அக்டோபர் 1 இலவசம். அன்றைக்கு அமைதியைத் தேடிப் போகாதீர்கள். காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், ஆண்டிறுதியில் டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை விடுமுறை. 4:30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். டிசம்பரில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அப்போதுதான், தாமதமாகப் போனால் நேரே குளத்துக்குப் போய்விடுங்கள்.