பழைய காட்டன் புடவையில் குவில்ட்: இதுவரை ஆன வேலை

கீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் அமெரிக்கத் தம்பதியோடு சேர்ந்து, பழைய புடவைகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்துக்கொண்டிருக்கிறேன். குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. மேல்துணி முடிந்தது, மூன்று அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்தாயிற்று, கையால் தைக்கும் வேலை பாதியைத் தாண்டிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கும் நம் துணிகளுக்கும் எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும். அந்த இருவரைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய திங்கட்கிழமையை வைத்துத்தான் இந்த வேலையே நடக்கிறது.

இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது, யூட்டா மாநிலத்துக்காரர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மார்மன் சபை என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும், அதில் மூத்த மிஷனரிகள். மிஷனரி என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிரசங்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் வேலை பெரும்பாலும் வீட்டு வேலை மாதிரியே இருக்கிறது. அந்தச் சபையில் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஊழியத்துக்கு வருகிறார்கள், அந்தப் பிள்ளைகள் தங்கும் வீடுகளுக்கு வாடகை போயிற்றா, தண்ணீர் கேன் வந்ததா, கேஸ் டியூப் மாற்றினார்களா, யாருக்காவது காய்ச்சலா என்று பார்ப்பதிலேயே இவர்களுக்குப் பாதி நாள் போய்விடும். மீதி நேரம் கணக்கு எழுதுவது, சபைக் குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. சம்பளம் கிடையாது. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவர்கள் ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்திலிருந்துதான்.

எங்கள் கட்டடத்தில் மட்டும் எத்தனை பேர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போயிருக்கிறார்கள்! ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே, பெட்டி நிறைய பருப்புப்பொடியும் வடகமும். அதே வயதில் இவர்கள் அங்கே பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எதிர்த்திசையில் வந்து, யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் கேஸ் டியூப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது இதனால்தான். மதம் மாற்ற வந்தவர்கள்தானே என்று கட்டடத்தில் ஒருவர் இருவர் கேட்டார்கள். நான் கேட்டபோது அந்தம்மா தன் நம்பிக்கையைச் சொன்னார், அவர் கேட்டபோது நான் என் பூஜை அலமாரியைத் திறந்து காட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் தையலுக்கு வந்துவிட்டோம்.

திங்கட்கிழமைதான் அவர்களுக்குச் சொந்த வேலைக்கான நாள். அன்று காலையில் துணி துவைப்பது, சாமான் வாங்குவது, வீட்டைச் சுத்தம் செய்வது எல்லாம் நடக்கும். காலை ஏழு மணி வாக்கில் வீடியோ அழைப்பு. அங்கே அப்போது ஞாயிறு மாலை, மகன் மகள் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் கூடியிருப்பார்கள். அது முடிந்து பத்து மணிக்கு மேல் நான் மேலே போவேன். முதல் தடவை ஃபில்டர் காபி எடுத்துக்கொண்டு போனேன், அவர்களுக்குக் காபியும் கிடையாது, டீயும் கிடையாது, மதக் கட்டுப்பாடு. சுக்குமல்லி தாராளமாகக் குடிக்கிறார்கள், பனங்கருப்பட்டி போட்டால் அந்தம்மா இரண்டாவது டம்ளர் கேட்பார். மாதத்தின் முதல் ஞாயிறு பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் விரதம், அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம் ஏழைகளுக்கென்று சபையில் போய்ச் சேரும். ஏகாதசி இருக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

குவில்ட் அந்தம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவர்கள் சபைப் பெண்களுக்கு ரிலீஃப் சொசைட்டி என்று ஒரு சங்கம் இருக்கிறது, 1842-ல் ஆரம்பித்தது, கோயில் கட்டிய வேலையாட்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்று சில பெண்கள் யோசித்ததிலிருந்து பிறந்ததாம். இவருடைய ஊரில் குளிர்காலம் முழுக்கப் பெண்கள் துணியை இழுத்துக் கட்டிய ஒரு சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்களாம்.

சரி, துணிக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது: அம்மாவின் சுங்குடிகள், நைந்துபோன இரண்டு செட்டிநாட்டுக் கண்டாங்கி, காஞ்சி காட்டன், வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டிகள். சரிகை போட்ட பார்டரை முதலிலேயே வெட்டி எடுத்துவிட வேண்டும், ஊசி இறங்காது, போர்த்தினால் உறுத்தும். அடுத்தது சாயம். ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். சிவப்புச் சுங்குடி எங்கள் வெள்ளைக் கைக்குட்டையை ரோஜா நிறமாக்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், அதையும் செய்து பார்த்தோம், நிற்கவில்லை. சாயம் விடுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப அலசுவதைத் தவிர வேறு வழி இல்லை. சிவப்பு ஒன்றை அப்படியும் ஒதுக்கி வைக்கும்படி ஆயிற்று.

சாயப் பேச்சு வந்தபோதுதான் அந்தம்மாவின் கணவர் தன் அண்ணனின் மெட்ராஸ் செக் சட்டையைப் பற்றிச் சொன்னார். 1950-களின் கடைசியில் நம் ஊர்க் கைத்தறிக் கட்டம் அங்கே போய், துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடி முதலில் பெரிய புகாராகி, பிறகு சாயம் போவதையே பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றார்கள். அண்ணனுக்குச் சின்னதாகிப்போன சட்டை தம்பிக்கு வந்தது, கழுத்துப்பட்டை கிழியும்வரை போட்டாராம். அது நெய்யப்பட்ட ஊரில் ஒருநாள் குடியிருப்போம் என்று அப்போது நினைக்கவே இல்லை என்றார். அவர்கள் சபைக்கு இந்த ஊர் புதிதும் இல்லை. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் மெட்ராஸுக்கு வந்து, கொஞ்ச காலம் தங்கி ஒரு மாதப் பத்திரிகைகூட அச்சடித்திருக்கிறார். சால்ட் லேக் சிட்டியில் ஞாயிறு பள்ளியை முதன்முதலில் ஆரம்பித்தவரும் அவர்தான். கப்பலில் மாதக்கணக்கில் வந்தவர்களை நினைத்தால் நமக்கு லிஃப்ட் பழுதாவதெல்லாம் ஒரு கஷ்டமா என்று, முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து நின்று சொல்கிற மனிதர் அந்தம்மாவின் கணவர்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கஞ்சி. பழைய காட்டன் துவண்டு கிடக்கும், அளவாக வெட்டினாலும் இழுபட்டுக் கோணிக்கொள்ளும். அங்கே இதற்கு டப்பாவில் அடைத்த ஸ்டார்ச் ஸ்பிரே வைத்திருப்பார்கள், அந்தம்மா கொண்டுவந்தது தீர்ந்துபோயிருந்தது. நான் சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, துணியை முக்கி, நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். துணி விறைப்பாக நின்றது, கத்தி வைத்தால் கோடு கோடாக வெட்டுப்பட்டது. அந்தம்மா ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஊருக்குப் போனாலும் இதுதான் என்றார். ஒரு விஷயம் மட்டும் கவனம்: கஞ்சி போட்ட துணியை அப்படியே அலமாரியில் வைத்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். வேலை முடிந்ததும் மொத்தத்தையும் அலசியே ஆகவேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்பது கட்ட டிசைன், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. 4.5 இன்ச் சதுரமாக வெட்டி, கால் இன்ச் தையலுக்கு விட்டு இணைத்தால் ஒவ்வொரு சதுரமும் 4 இன்ச்சுக்கு வரும், மூன்றுக்கு மூன்று சேர்த்தால் 12 இன்ச் கட்டம். ஒன்பது துண்டுக் கட்டம் 15, வெறும் துணியில் 12.5 இன்ச்சுக்கு வெட்டிய கட்டம் 15, மாற்றி மாற்றி வைத்தால் 60-க்கு 72 இன்ச், ஒருவர் படுத்துப் போர்த்த அளவு. கால் இன்ச் என்றால் கால் இன்ச்தான். நம் தையல்காரர்கள் பிளவுஸில் தாராளமாக உள்ளே துணி விடுவார்கள், இங்கே நூல் அளவு கூடினாலும் கடைசியில் மூலைகள் சேராது. என் உஷா மிஷினின் ஊசித்தட்டில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி, அதை ஒட்டியே ஓட்டினேன். இணைத்த தையல் மடிப்பை ஒரு வரிசையில் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமும் இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். வட்டக் கத்தியும் அக்ரிலிக் ஸ்கேலும் அந்தம்மாவுடையவை. மின்விசிறி போட்டால் துண்டுகள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை துணியில் சொட்டும், அதனால் வரிசைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டோம்.

நடுவில் வைக்கும் பஞ்சுதான் பெரிய கேள்வியாக இருந்தது. சோபா தைக்கிற கடைகளில் ஷீட்டாகப் பாலியெஸ்டர் பஞ்சு கிடைக்கிறது. கொஞ்சம் வாங்கி ஒரு தலையணை அளவுக்குத் தைத்துப் பார்த்தோம், ஏப்ரல் மாதத்தில் அதை மடியில் வைத்துக்கொள்ளவே முடியவில்லை. தன் பாட்டி காலத்தில் பஞ்சு வாங்கப் பணமில்லாமல் பழைய கம்பளியையே உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்று அந்தம்மா சொன்னதும் எனக்கு வேட்டி ஞாபகம் வந்தது. எட்டு முழ வேட்டியை நடுவில் வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒரு அடுக்கு. இரண்டு வேட்டி, இரண்டு அடுக்கு. கனமும் இல்லை, காற்றும் போகிறது. அடித்துணிக்கு ஒரு காஞ்சி காட்டனில் 66 இன்ச் நீளமாக இரண்டு துண்டு எடுத்துச் சேர்த்தோம், சுற்றிலும் மூன்று இன்ச் அதிகம் இருக்க வேண்டும், தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும்.

துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் அந்தம்மாவின் கணவர் செய்தது. ஹார்டுவேர் கடையில் முக்கால் இன்ச் பிவிசி பைப்பும் நாலு எல்போவும் வாங்கி வந்து மூன்றடிச் சதுரமாகப் பூட்டினார். சற்றுப் பெரிய பைப்பை நெடுக்கே பிளந்து, துணியோடு சேர்த்து அழுத்தினால் கவ்விக்கொள்கிறது. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உப்பி நிற்கும். ஊசி குட்டையானது, வலது நடுவிரலில் அங்குஸ்தான் என்கிற விரலுறை. நூல் நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, ஊசியை மேலிருந்து குத்தி வெளியே எடுத்து ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு மேல்துணிக்குள் புகுந்து வேட்டி அடுக்கில் மறைந்துவிடும், சின்னதாக ஒரு டப் சத்தம் கேட்கும். அந்தம்மா ஒரு இன்ச்சுக்குப் பத்துத் தையல் போடுகிறார், முட்டி வீங்கிய அந்த விரல்களால். எனக்கு இப்போது ஆறு வருகிறது. எண்ணிக்கை பெரிதில்லை, ஒரே அளவாக இருக்கட்டும் என்கிறார்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. முந்தின ராத்திரி அந்தம்மாவின் அக்கா ஊரில் இறந்துபோன செய்தி வந்திருந்தது, எனக்குத் தெரியாமல் வழக்கம்போல மேலே போனேன். கணவர்தான் கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னார். திரும்பிவிடுகிறேன் என்றேன், வேண்டாம், அவள் உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். கரன்ட் வேறு இல்லை. பால்கனிக் கதவோரம் சட்டத்தை இழுத்துப் போட்டு வெளிச்சத்துக்கு உட்கார்ந்தோம். அவர் எங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஊசிகளில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார், ஒன்று முடிவதற்குள் அடுத்தது தயாராக ஊசிமெத்தையில் நிற்கும். போகவில்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தம்மாவே சொன்னார், அக்காவே போகச் சொன்ன ஊழியம் இது, பாதியில் வந்தால் கோபித்துக்கொள்வாள் என்று. அதன்பிறகு பேச்சில்லை. ஒரு முழு வரிசை தைத்தோம். நம் வீட்டில் என்றால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்போம், பத்து நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இவர்களுக்குச் சாயங்காலம் நான்கு பிள்ளைகள் கழுத்தில் டையும் சட்டையில் பெயர்ப்பட்டையுமாக வந்து, பிரெட்டும் வாழைப்பழமும் கொடுத்து, ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். நான் ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன், சாப்பிட்டார்கள்.

அவர்களுடைய ஊழியக் காலம் பங்குனிக்குள் முடிகிறது, அதற்குள் கையால் தைப்பதை முடித்துவிடுவோம் என்று தோன்றுகிறது. குவில்ட் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. நீங்கள் எடுத்துப்போங்கள் என்று நான் சொன்னதை அந்தம்மா ஏற்கவில்லை, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் லேடியின் மகளுக்குத் தை மாதம் பிரசவம், அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

மீதி இருப்பது ஓரம். 2.5 இன்ச் பட்டையை இரண்டாக மடித்து வைத்துத் தைக்க வேண்டும், நாலு பக்கமும் மூலைக்கு விடுவதும் சேர்த்து 275 இன்ச் வேண்டும். புடவை நீளவாக்கில் இரண்டு பட்டை எடுத்தால் போதும். எனக்குக் கண்டாங்கியில் வெட்ட ஆசை, அந்தம்மாவின் கணவருக்கு அந்தக் கட்டம்போட்ட கைலித்துணிதான் வேண்டும், நாலு பக்கமும் மெட்ராஸ் செக் என்கிறார். கைலியைக் கோடவுன் தெருவில் வாங்கி வந்து ஊறப்போட்டிருக்கிறேன். நீலம் இன்னும் இறங்குகிறது, இன்னும் இரண்டு அலசு பார்க்க வேண்டும்.