பேசக் கூடாத நேரம்

"நீங்களும் பேசாதீங்க, அவரையும் பேச வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் அறை விளக்கைக் குறைத்தார்.

அப்பா பேச மாட்டாரா என்று ஏங்கிக் கிடக்கிற என்னிடம்!

மூளையில் ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் ஸ்பெக்ட் ஸ்கேன். ஊசியில் போகும் டெக்னீசியம் என்ற லேசான கதிர்வீச்சு மருந்து, ரத்தம் அதிகம் பாயும் இடத்தில் அதிகமாகத் தங்கிவிடுமாம். படம் பிறகுதான் எடுப்பார்கள். ஆனால் பதிவாவது ஊசி போட்ட அந்த ஓரிரு நிமிடத்து மூளை. பேசினால் அதுவும் படத்தில் ஏறிவிடும்.

அரை இருட்டில் அப்பா என்னையே பார்த்தார். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

சாப்பிட்டாயா?

என் பெயர் மறந்து ஆறு மாதம் ஆகிறது.

பக்கவாட்டிலும் பின்மேல் பகுதியிலும் ரத்தம் குறைந்தால் அல்சைமர் என்ற மறதி நோயாக இருக்கலாம், முன்பக்கம் குறைந்தால் வேறு வகை மறதி நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டாராம். வகை தெரிந்தால்தான் எந்த மாத்திரை, எது கூடாது என்று தெரியும். "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று இரண்டு வருஷத்தை வீணாக்கிவிட்டோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட் நாளைக்கு.

வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன்: "இன்னும் இல்லப்பா. வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்."